அந்த ஆரஞ்சுப் பொத்தானை அழுத்தினால் யார் வருவார்?

இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளின் மேலாளர்களுக்கும், பாதுகாப்பு அலுவலர்களுக்கும், அங்கே காவலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி நடத்துபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்



உங்கள் காவலர்கள் இடுப்பில் மாட்டியிருக்கும் வாக்கி டாக்கியின் தலைப்பகுதியிலோ பக்கவாட்டிலோ ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உங்கள் கம்பெனியில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? நான் வாக்கி டாக்கி செட் பழுது பார்ப்பவன். கலவையில் குடியிருந்துகொண்டு ஆற்காடு, இராணிப்பேட்டை, ஆம்பூர் வரை போய்வருகிறேன். பழுதுக்கு வரும் செட்டைக் கம்ப்யூட்டரில் மாட்டி உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால், அந்தப் பொத்தானுக்கு நேரே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. எத்தனை நேரம் அழுத்தினாலும் செட் சும்மா இருக்கும். விலை குறைந்த சில செட்டுகளில் லேசாக அழுத்தினால் எஃப்.எம். ரேடியோ பாடும். இன்னும் சிலவற்றில் செட்டே சைரன் போல அலறும். ஆனால் அந்த அலறல் பிடித்திருப்பவர் காதோடு நின்றுவிடும். கேட்டில் இருப்பவருக்குப் போகாது. நடுச்சாமத்தில் ஈ.டி.பி. எனும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் பக்கம் தனியாக நிற்கும் மனிதர், ஆபத்து வந்தால் இதை அழுத்தலாம் என்று நம்பிக்கொண்டு நிற்கிறார்.

செட்டுக்குக் காசு கொடுத்தவர்கள் நீங்கள். நல்லதை நினைத்துத்தான் வாங்கினீர்கள். வாங்கிய அன்று விற்றவர் வந்து சேனல் போட்டுக் கொடுத்தார். கேட்டில் ஒருவரும் கோடவுனில் ஒருவருமாக நின்று "கேக்குதா?", "கேக்குது" என்று பேசிப் பார்த்தார்கள். அத்தோடு அந்தக் கணக்கு முடிந்தது. பிறகு பேட்டரி உப்பினாலோ ஆன்டெனா ஒடிந்தாலோதான் செட்டைப் பற்றி யாராவது பேசுகிறார்கள். பவர் எதில் இருக்கிறது, எமர்ஜென்சி எங்கே போகிறது என்று என்னிடம் கேட்ட மேலாளர்கள் மிகக் குறைவு. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்தக் கடிதம்.

இரவில் அந்தச் செட்டைப் பிடித்து நிற்பவர்களை எனக்குத் தெரியும். கலவை, திமிரி, ஆற்காடு பக்கத்து ஊர்களிலிருந்து சாயங்கால பஸ் பிடித்து வருகிறார்கள். மானாவாரியில் வேர்க்கடலை போட்டு மழை ஏமாற்றியவர், பிள்ளையின் காலேஜ் பீசுக்காக அறுபது வயதிலும் காக்கி போடுபவர், புருஷன் இல்லாமல் பெண்கள் ஹாஸ்டல் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் அம்மா. இவர்களில் முன்னாள் ராணுவத்தினரும் பலர். வேலூருக்குப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய கம்மவான்பேட்டை மாதிரி ஊர்கள் உள்ள பகுதி நம்முடையது. ராணுவத்தில் சிக்னல் பார்த்தவர் உங்கள் கேட்டில் இருந்தால் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நான் இங்கே எழுதுவதை என்னைவிட நன்றாகச் சொல்வார்.

தோல் ஷாப்பில் இந்தப் பொத்தானுக்கு மற்ற பல ஆலைகளைவிட ஏன் அதிக வேலை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறீர்கள். அந்தத் தண்ணீரும் அமிலம் கலந்த தண்ணீரும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அடியில் நாள்பட்டுத் தேங்கிய கசடைக் கிளறினாலும் கிளம்பும். காற்றைவிடக் கனமான வாயு அது, குழியிலேயே தங்கும். முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று தோன்றும். 1,000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். கத்தக்கூட நேரம் இருக்காது.

அடுத்து நடப்பதும் நம் பகுதிக்குப் புதிதில்லை. மேலே நின்றவர் கீழே விழுந்தவரைப் பார்க்கிறார். அவர் அண்ணனாக இருக்கலாம், ஒரே ஊர்க்காரராக இருக்கலாம், ஒரே அறையில் தூங்குபவராக இருக்கலாம். யோசிக்காமல் இறங்குகிறார். அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்குகிறார். கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளைப் பத்திரிகையில் படிக்கும்போது, பல சமயம் ஒருவர் மட்டும் இறந்திருக்க மாட்டார், கவனித்திருப்பீர்கள். இரண்டாவது ஆள் ஏன் இறங்குகிறார்? கூப்பிட்டால் வர யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியும். கேட்டுக்கு ஓடித் திரும்புவதற்குள் உள்ளே இருப்பவர் போய்விடுவார் என்றும் தெரியும். அந்த நொடியில் அவர் கையில் ஒரு பொத்தான் இருந்து, அழுத்தினால் மூச்சுக்கருவியோடும் கயிற்றோடும் ஆட்கள் ஓடி வருவார்கள் என்ற நம்பிக்கையும் இருந்தால், அவர் மேலேயே நிற்பார். அந்தப் பொத்தான் முதலில் காப்பாற்றப்போவது இவரைத்தான்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 36ஆம் பிரிவில் இதை அன்றே எழுதி வைத்தது. விஷவாயு இருக்கக்கூடிய இடத்துக்குள் இறங்க வேண்டுமானால், உள்ளே ஆபத்தில்லை என்று தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தர வேண்டும்; இல்லையென்றால் இறங்குபவர் மூச்சுக்கருவி அணிந்து, இடுப்புப் பட்டையில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியில் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். சான்று இல்லாமல் இறங்கினால் வெளியில் ஒருவர் நின்றே ஆக வேண்டும் என்பது சட்டமே சொன்னது. அவர் கையில் கயிறு இருக்கிறது. அவர் தோளில் வேலை செய்யும் ஒரு செட்டும் இருக்கட்டும் என்பது என் வேண்டுகோள். செட்டைக் குழிக்குள் இறங்குபவரிடம் கொடுத்துவிட்டு மேலே நிற்பவரை வெறுங்கையோடு விடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தரைமட்டத்துக்குக் கீழே கான்கிரீட் சுவர் சூழ்ந்த குழிக்குள்ளிருந்து அலை மேலே ஏறுவது கஷ்டம். உள்ளே இருப்பவருக்குச் செட் கொடுப்பது கூடுதல் நன்மை. மேலே நிற்பவருக்குக் கொடுப்பது கட்டாயம்.

2015 ஜனவரி 31ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டை வளாகத்தில், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் நள்ளிரவு தாண்டி உடைந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் அந்தக் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரு செட் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. சுவரே நிற்காதபோது ரேடியோ என்ன செய்யும்? ஆனால் அந்த இரவு நமக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டுப் போனது. ஒரு கம்பெனியின் ஆபத்து காம்பவுண்டு சுவரைத் தாண்டிப் பக்கத்துக் கம்பெனியில் போய் உயிரெடுக்கும். அப்படி எடுக்கும்போது, சாகிறவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டாவது விஷயத்தை யோசித்துப் பாருங்கள். இன்று உங்கள் ஈ.டி.பி.யில் நிற்பவர் வங்காளியாகவோ, ஒடியாக்காரராகவோ, பீகாரியாகவோ இருக்கலாம். பதற்றத்தில் அவர் தன் பாஷையில்தான் கத்துவார். கேட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெரியவருக்கு அது புரியாது. சரியாகப் புரோகிராம் செய்த எமர்ஜென்சி பொத்தானுக்குப் பாஷை வேண்டாம். அழுத்தினால் எந்தச் செட், எங்கிருந்து கூப்பிடுகிறது என்று கேட்டில் இருக்கும் திரையில் வந்து நிற்கும்.

பவர் விஷயத்துக்கு வருகிறேன். "ஹை-ல போட்டுக் குடுத்துடுப்பா, தூரமா எடுக்கட்டும்" என்பதுதான் நான் அதிகம் கேட்ட வார்த்தை. கையில் பிடிக்கும் செட்டுகளில் பொதுவாக லோ என்றால் 1 வாட், ஹை என்றால் 4 அல்லது 5 வாட். ஹையில் பேசும்போது செட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். 1,500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் விடாமல் பேசினால் ஒரு மணி நேரத்தில் காலி. லோவில் இழுப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஷிஃப்ட் ஏறிய செட், லாரி உள்ளே விடுவது, தோல் எண்ணுவது, டீ சொல்வது எல்லாவற்றையும் ஹையிலேயே பேசித் தீர்த்தால் விடியற்காலம் மூன்று மணிக்கு 'டுய்ங்' என்று பேட்டரி எச்சரிக்கை அடிக்கும். ஆளுக்குத் தூக்கம் தள்ளும் நேரமும் அதுதான். கேட்டில் சார்ஜர் ஒன்றே ஒன்று, அதில் இன்னொரு செட் உட்கார்ந்திருக்கும். சில வருஷம் உழைத்த பேட்டரி என்றால் மூன்று மணிவரைகூட வராது.

நாலு மடங்கு பவர் கொடுத்தால் நாலு மடங்கு தூரம் போகும் என்று நினைக்கிறார்கள். தடையே இல்லாத வெளியில்கூட இரண்டு மடங்குக்கு மேல் போகாது. தோல் ஷாப்புக்குள், தண்ணீரில் ஊறும் தோலும் இரும்புச் சட்டங்களும் தகரக் கூரையும் கான்கிரீட் சுவரும் இருக்கும் இடத்தில், அதுவும் கிடைக்காது. அங்கே எங்கே நிற்கிறோம், ஆன்டெனா எத்தனை உயரத்தில் இருக்கிறது என்பதே பெரிய விஷயம். இடுப்பில் மாட்டியபடி பேசுவதைவிட வாய்க்கருகே நிமிர்த்திப் பிடித்துப் பேசினால் வித்தியாசம் தெரியும். பம்ப் ஹவுஸுக்குள்ளிருந்து எடுக்காத செட், வாசலுக்கு நாலடி வெளியே வந்தால் லோவிலேயே தெளிவாக எடுப்பதை நான் பலமுறை காட்டியிருக்கிறேன். உங்கள் வளாகத்தில் எங்கே லோ போதும், எங்கே ஹை வேண்டும், எங்கே எதுவும் எடுக்காது என்பது கடையில் விற்பவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒருவர் கேட்டில் உட்கார, இன்னொருவர் சுண்ணாம்புக் குழி, டிரம் ஹால், கெமிக்கல் ஸ்டோர், பாய்லர், ஈ.டி.பி.யின் கடைசித் தொட்டி என்று நடந்து பேசிப் பார்த்து ஒரு தாளில் குறித்தால் ஒரு மத்தியான நேரத்தில் முடிந்துவிடும். மெஷின் எல்லாம் ஓடும்போது செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை அமைதியில் எடுப்பது திங்கட்கிழமை சத்தத்தில் காதில் விழாது.

லோவில் பேசச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிப்காட்டிலும் சிட்கோவிலும் உங்கள் கம்பெனிகள் சுவரோடு சுவராக ஒட்டியிருக்கின்றன. பல பேர் ஒரே கடையில் வாங்கி, கடைக்காரர் போட்டுக் கொடுத்த அதே 16 சேனலை அப்படியே வைத்திருக்கிறீர்கள். எல்லோரும் ஹையில் பேசினால் உங்கள் கேட்டில் பக்கத்துக் கம்பெனி லாரிக் கணக்கு கேட்கும். காவலர் எரிச்சலில் சத்தத்தைக் குறைத்து வைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரத்தில் உங்கள் ஆளே கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்காது. எனவே தினப்படிப் பேச்சுக்கான சேனலை லோவில் வையுங்கள். எமர்ஜென்சிக்குத் தனியாக ஒரு சேனல் ஒதுக்கி, அதை மட்டும் செட் அனுமதிக்கும் முழு பவரில் வையுங்கள். பவரைச் சேனல்வாரியாகத் தனித்தனியே அமைக்கும் வசதி தொழிற்சாலைகளுக்கென்று விற்கும் செட்டுகள் பெரும்பாலானவற்றில் உண்டு. ஆரஞ்சுப் பொத்தானை அழுத்தியதும் செட் தானாகவே அந்தச் சேனலுக்குத் தாவி, ஹையில் கத்தும்படி செய்யலாம். இரவெல்லாம் மிச்சம் பிடித்த பேட்டரி அந்த ஒரு நிமிடத்துக்கு உதவட்டும்.

சட்டத்தையும் நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் மாட்டுவது நீங்கள். இந்த வகை 4, 5 வாட் செட்டைத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. உரிமம் தேவைப்படாத செட்டுகளுக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் போன்ற சிறிய இடங்களே உண்டு. 446இல் அனுமதிக்கப்பட்ட பவரும் குறைவு. எந்த அலைவரிசையில் வேலை செய்கிறது, உரிமம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லாமலே இணையக் கடைகள் வாக்கி டாக்கி விற்றதால், 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அவற்றுக்கு நோட்டீஸ் அனுப்பியது. மலிவாகக் கிடைத்ததென்று ஆன்லைனில் பெட்டியாக வாங்கி இறக்கியவர்கள் உங்களிலும் இருக்கிறார்கள். அந்தச் செட் போலீசின், மீட்புப் படையின் அலைவரிசையில் போய் விழுந்தால், இன்னொருவர் உதவிக்குக் கூப்பிடும் குரலை நீங்கள் அடைத்தவர்கள் ஆவீர்கள். பெரிய வளாகம், அந்தக் குறைந்த பவர் போதாது என்றால் முறைப்படி உரிமம் வாங்குங்கள், தேவையானால் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு ரிப்பீட்டரை உயரத்தில் வையுங்கள். ஏற்றுமதிக்கு ஆடிட் வரும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக எத்தனையோ சான்றிதழ் வாங்குகிறீர்கள். இது உங்கள் சொந்த ஆட்களுக்காக.

வாயு இருக்கக்கூடிய இடத்தில் எந்தச் செட்டும் எடுத்துப் போகலாம் என்பதும் தவறு. ஹைட்ரஜன் சல்பைடு விஷம் மட்டுமில்லை, தீப்பிடிக்கவும் செய்யும். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கைத் தாண்டினால் ஒரு பொறி போதும். அப்படிப்பட்ட இடத்துக்கு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட, பெட்ரோலியம் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அனுமதி பெற்ற செட்டுதான் போக வேண்டும். குழி ஓரத்தில் நின்று பேட்டரியைக் கழற்றி மாட்டுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

பொத்தானுக்குத் திரும்புகிறேன். அதற்கு என்னென்ன வேலை கொடுக்கலாம் என்று பலருக்குத் தெரியாது. அழுத்தியதும் செட் தன் அடையாளத்தை அனுப்பும். அனுப்பிய பிறகு, பேசும் பொத்தானைப் பிடிக்காமலே மைக் சில வினாடி திறந்திருக்கும்படி வைக்கலாம். கை நழுவி விழுந்தவரின் முனகல்கூட கேட்டில் கேட்கும். டிஜிட்டல் செட்டுகளில், கேட்டில் இருப்பவர் 'பார்த்துவிட்டேன்' என்று பதில் அனுப்பும்வரை எச்சரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்ப வைக்கலாம். சில செட்டுகளில் ஆள் சாய்ந்தால் கண்டுபிடிக்கும் வசதி உண்டு. செட் குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் சரிந்தாலோ, குறிப்பிட்ட நேரம் அசைவில்லாமல் இருந்தாலோ முதலில் பீப் அடிக்கும்; யாரும் நிமிர்த்தவில்லையென்றால் தானே எமர்ஜென்சியை அனுப்பும். ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்க்கும் வாயு இருக்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான வசதி இல்லை. தனியாக நிற்பவருக்கென்று இன்னொன்று: குறித்த நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பொத்தானைத் தொட வேண்டும், தொடாவிட்டால் கேட்டுக்குத் தகவல் போகும். சத்தமில்லாத எமர்ஜென்சியும் உண்டு. ஹாஸ்டல் வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் ஒருவன் வம்பு செய்தால் செட் அலறக் கூடாது. அவர் கையில் ஒன்றும் நடக்காதது போல இருந்து, கேட்டில் மட்டும் அடிக்க வேண்டும். குழி அருகே நிற்பவருக்கோ அலறத்தான் வேண்டும். ஒரே கம்பெனியில் இரண்டு செட்டுக்கு இரண்டு விதமாக அமைக்க வேண்டியிருக்கும். யார் எங்கே நிற்கிறார் என்று சொன்னால் அமைத்துக் கொடுக்கலாம்.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் உயிர்நாடி. செட்டுக்கு ஆள் பெயரை வைக்காதீர்கள். ஷிஃப்ட் மாறும், ஏஜென்சி மாறும். திரையில் வரும் பெயருக்குரியவர் அன்று வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். 'ஈ.டி.பி. 2', 'சுண்ணாம்புக் குழி', 'பின்கேட்' என்று இடத்தின் பெயர் வையுங்கள். பேச்சிலும் இடம் முதலில் வரட்டும், என்ன ஆயிற்று என்பது பிறகு. பாதியில் அறுந்தாலும் எங்கே ஓட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இப்போது என் மனக்குறை. ஒரு கம்பெனியில் எமர்ஜென்சியை முறையாகப் போட்டுக் கொடுத்தேன். காவலர் உட்கார்ந்து எழுந்தபோது பொத்தான் தெரியாமல் அழுந்தி இரண்டு மூன்று முறை கேட்டில் அடித்துவிட்டது. அங்கே பொறுப்பிலிருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "இன்னாப்பா, சும்மா சும்மா அடிக்குது, இதை எடுத்துடு" என்றார். எடுக்கத் தேவையில்லை, இரண்டு வினாடி விடாமல் அழுத்தினால் மட்டும் வேலை செய்யும்படி மாற்றலாம் என்றேன், மாற்றினேன். ஆனால் அதற்குள் அந்தக் காவலரை எல்லார் முன்னாலும் திட்டியாகிவிட்டது. அவர் இனி அந்தப் பொத்தானைத் தொடுவாரா? சந்தேகப்பட்டால் அழுத்து என்று நாம் சொல்ல வேண்டிய மனிதர், உறுதியானால்கூட அழுத்தப் பயப்படுகிறார். தவறாக அழுத்தியவரைத் திட்டாதீர்கள். எல்லோரும் ஓடி வந்தார்களா, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பாருங்கள், காசில்லாமல் ஒரு ஒத்திகை நடந்ததென்று வைத்துக்கொள்ளுங்கள்.

"போன் இருக்குதே, வாட்ஸ்அப் குரூப் இருக்குதே" என்பீர்கள். ஈரக் கையுறையைக் கழற்றி, லாக் எடுத்து, நம்பர் தேடி, தூங்குபவர் எழுந்து எடுப்பதற்குள் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். செட் ஒரே அழுத்தில் வளாகம் முழுவதையும் எழுப்பும். ஆனால் செட்டில் கூப்பிட்டால் 108 ஆம்புலன்ஸ் வராது, 101 தீயணைப்பும் வராது. கேட்டில் இருப்பவர்தான் போன் எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் யார், அவர் டீ குடிக்கப் போனால் யார், கம்பெனிக்கு வர வழியும் அடையாளமும் அவருக்குச் சொல்லத் தெரியுமா என்பதெல்லாம் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். கருவி மட்டும் போதாது என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி உண்டு. 2001 செப்டம்பர் 11இல் நியூயார்க் இரட்டைக் கோபுரத்தில், தீயணைப்பு வீரர்களின் செட்டுகளுக்காகவே ஒரு ரிப்பீட்டர் பொருத்தப்பட்டிருந்தது. அதை இயக்க இரண்டு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினார்கள், தலைமை அலுவலர் கையில் எடுக்கும் கருவியை உயிர்ப்பிக்கும் இரண்டாவதை அழுத்தவில்லை. சோதித்துப் பார்த்தவர்கள் ரிப்பீட்டரே வேலை செய்யவில்லை என்று நினைத்து, வடக்குக் கோபுரத்தில் அதை விட்டுவிட்டார்கள். விசாரணைக் குழு இதை அறிக்கையில் எழுதியிருக்கிறது. அன்று நடந்த அத்தனை சாவுக்கும் அந்தப் பொத்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அத்தனை பெரிய நகரத்தில், அத்தனை பயிற்சி பெற்றவர்கள் கையிலேயே இது நடந்தது.

கடலில் இதைவிட ஒழுங்கு இருக்கிறது. எந்த நாட்டுக் கப்பலானாலும் வி.எச்.எஃப். செட்டில் 16ஆம் சேனலைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். துறைமுகத்துக்குள் 1 வாட், வெளியே தேவைப்பட்டால் 25 வாட், ஆபத்துக்கென்று மூடி போட்ட சிவப்புப் பொத்தான். அப்படியிருந்தும் 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்கள் பலருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அந்தச் செட் எட்டும் தூரத்துக்கு அப்பால் இருந்தார்கள். உங்கள் ஆட்கள் கேட்டிலிருந்து முந்நூறு அடியில் இருக்கிறார்கள். எட்டவில்லை என்று சொல்ல நமக்கு என்ன காரணம் இருக்கிறது?

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். இந்த வாரத்தில் ஒரு இரவு, முன்கூட்டிச் சொல்லாமல், இரண்டு மணிக்கு நீங்களே கம்பெனிக்குப் போங்கள். கேட்டிலிருந்து மிகத் தூரத்தில் நிற்பவரிடம் செட்டை வாங்கி அந்தப் பொத்தானை அழுத்துங்கள். யாராவது வருகிறார்களா, எத்தனை நிமிடத்தில், வெறுங்கையோடா மூச்சுக்கருவியோடா என்று பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஒன்றும் நடக்கவில்லையென்றால், அது நடக்கும்வரை எந்தக் குழிக்குள்ளும் யாரையும் இறக்காதீர்கள். சரிசெய்த பிறகு மாதம் ஒருமுறை இதையே செய்யுங்கள். மார்ச் 4 பாதுகாப்பு தினத்துக்குப் பேனர் கட்டும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரே வளாகத்தில் இருக்கும் கம்பெனிகளின் சங்கத்தாரும் உட்கார்ந்து பேசி, சட்டத்துக்கு உட்பட்டு எல்லாக் கேட்டிலும் கேட்கும்படி ஒரு பொது எமர்ஜென்சி சேனல் முடிவு செய்யுங்கள். சுவர் இடிந்தால் அடுத்த வீட்டுக்காரரை எழுப்ப ஒரு வழி வேண்டும்.

ஏஜென்சி நடத்துபவர்களே, உங்களுக்குத் தனியாக: காவலருக்குத் தொப்பி, விசில், ஐ.டி. கார்டு கொடுக்கும் நாளிலேயே செட்டைக் கையில் கொடுத்து, லோ எது, ஹை எது, எமர்ஜென்சி எது என்று அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். ஹிந்தி மட்டும் தெரிந்தவருக்கு ஹிந்தியில் சொல்லிக் கொடுங்கள். தெரியாதவரை இரவு ஷிஃப்டுக்கு அனுப்பாதீர்கள்.

எமர்ஜென்சியைப் போட்டுக் கொடுக்க நான் காசு வாங்கப்போவதில்லை. எந்தக் கடையில் வாங்கிய உரிமமுள்ள செட்டானாலும் சரி, உங்கள் வளாகத்தில் யார் எங்கே நிற்கிறார் என்று எழுதிய தாளோடு அனுப்புங்கள். அதில் கேட்டில் பதில் சொல்லப்போகிறவர் பெயரும், அவர் இல்லாதபோது பதில் சொல்பவர் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த இரண்டு பெயரும் இல்லாத தாளோடு வரும் செட்டை அப்படியே திருப்பி அனுப்புவேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
கலவையிலிருந்து,
உங்கள் செட்டுகளைப் பழுது பார்க்கும் ஒருவன்